இளைக்குது என்று சொன்னேன்

அவசரகாலத்தைப் பற்றிப் பேச வருகிறவர்கள் எல்லோரும் என்னிடம் துப்பாக்கிச் சத்தத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். காட்டுப் பக்கம் சுட்டது கேட்டதா, தோட்டத்துக்குள் யாராவது வந்தார்களா, பயமாக இருந்ததா என்று. கேட்டது. வந்தார்கள். பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் காலம் என்றதும் என் காதில் கேட்பது இருமல்தான். நாங்கள் குடியிருந்த லயத்தின் இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை ஆணும் பெண்ணும் பிள்ளையும் இருமிய இருமல். அதை யாரும் விசாரிப்பதில்லை. விசாரிக்காவிட்டால் என்ன, நான் சொல்லத்தான் போகிறேன். அந்த இருமல் என் மகளின் நெஞ்சுக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. அதை அங்கிருந்து கிளப்ப நான் கிளம்பினேன். இதில் அடக்கம் காட்ட எனக்கு விருப்பமில்லை.

எங்கள் ரப்பர்த் தோட்டம் மலாக்காவில், டுரியான் துங்காலிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. ஆபீஸ், ஆஸ்பத்திரி, ஸ்டோர், துரை பங்களா எல்லாம் ஒரு பக்கம். நாங்கள் இருந்த டிவிஷன் கித்தா மரங்களைத் தாண்டி இன்னொரு பக்கம். முன்பெல்லாம் லயங்கள் மேட்டிலும் பள்ளத்திலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தன. காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு நாங்கள் அரிசி கொடுத்துவிடுவோம் என்று சர்க்கார் எங்களை அள்ளி ஒரே இடத்தில் கொட்டியது. சுற்றிலும் முள்கம்பி வேலி, ஒரே ஒரு கேட், கேட்டில் ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள். அவசர அவசரமாக அடித்த பலகை வீடுகள் அவை. பக்கத்து வீட்டில் ஒருவர் புரண்டு படுத்தால் எங்கள் சுவர் ஆடும். மழைக்காலம் வேறு. ஈர விறகு புகைந்தது, துவைத்த துணி வீட்டுக்குள்ளேயே தொங்கியது, அந்தப் புகைக்குள் எல்லோரும் ஒரே காற்றைத்தான் மாற்றி மாற்றி இழுத்து விட்டுக்கொண்டிருந்தோம்.

இருமல் வந்ததும் ஆளாளுக்கு ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். புது இடத்துத் தண்ணீர் என்றார் ஒருவர். புதுப் பலகையின் வாசம் என்றார் இன்னொருவர். வேலிக் கம்பியின் இரும்புக் குளிர் ராத்திரியில் வீட்டுக்குள் இறங்குகிறது என்று எங்களை வேலை வாங்கும் தண்டல் சொன்னார். அதை நிறையப் பேர் நம்பினார்கள், வேலிப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவரில் சாக்கு அடித்துக்கொண்டார்கள். சாக்கு அடித்த வீட்டிலும் இருமினார்கள். அப்போதும் தண்டல் விடவில்லை, சாக்கு மெல்லிசு என்றார்.

என் வீட்டுக்காரருக்குத்தான் முதலில் வந்தது. அவரை ஹோம் கார்டில் சேர்த்து, கையில் ஒரு துப்பாக்கியைக் கொடுத்து, வேலியோரம் காவலுக்கு நிறுத்தியிருந்தார்கள். அவர் அங்கே பதுங்கி நின்று இருமுவது எங்கள் வீடு வரைக்கும் கேட்கும். பதுங்கி நிற்கிறவன் இப்படி இருமினால் பதுங்குவது எதற்கு என்று நான் கேட்டதற்கு இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவருக்கு மூக்கொழுகி, தொண்டை கட்டி, இருமி, தானாகவே சரியாகிவிட்டது. எனக்கும் வந்து, மரத்துக்கு மரம் இருமிக்கொண்டே பால் வெட்டி, சரியாகிவிட்டது. பெரியவர்கள் எல்லோருக்கும் அப்படித்தான் வந்து போனது.

என் மகள் அப்போது இன்னும் உட்காரப் பழகாத குழந்தை. தலைப்பிள்ளை. நான் வேலைக்குப் போகும்போது ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவேன். அங்கே உத்தரத்தில் வரிசையாகத் தொட்டில் தொங்கும். ஆயா நல்ல மனுஷி, எந்தப் பிள்ளையையும் அழவிட மாட்டார். ஆனால் ஒரே முந்தானையால் முதல் தொட்டிலிலிருந்து கடைசித் தொட்டில் வரைக்கும் எல்லா மூக்கையும் துடைத்துக்கொண்டே போவார். கடைசித் தொட்டில் என் மகளுடையது.

அவளுக்கும் முதலில் மூக்கில் தண்ணீர் வந்தது. அப்புறம் இருமல், அப்புறம் காய்ச்சல். பெரியவர்களுக்குப் போனது மாதிரி இவளுக்கும் போய்விடும் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. மூச்சு குட்டிக் குட்டியாக, அவசர அவசரமாக வர ஆரம்பித்தது. பால் குடிக்க வாயை வைப்பாள், நாலு வாய் இழுப்பாள், மூச்சுக்காக விட்டுவிடுவாள். மறுபடி வைப்பாள், மறுபடி விடுவாள். கடைசியில் அலுத்துப்போய்த் தலையைத் திருப்பிக்கொள்வாள்.

சளி பிடித்த பிள்ளையைக் காற்றுப் படாமல் சுற்றி வைப்பது எங்கள் வழக்கம். பக்கத்து வீட்டு அக்கா ஒரு கூட்டம் பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர், அவர்தான் சுற்றிக் கொடுத்தார். முதலில் ஒரு பிளானல் துணி, அதன்மேல் என் வீட்டுக்காரரின் பழைய காக்கிச் சட்டை, அதன்மேல் ஒரு துண்டு. மளிகைக் கடைப் பொட்டலம் மாதிரி இறுக்கிக் கட்டிவிட்டார். மூக்கும் கண்ணும் மட்டும்தான் வெளியே தெரிந்தன.

மறுநாள் காலையில் நோயாளிகளை ஏற்றிப்போகும் லாரியில் பெரிய டிவிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் எங்கள் டிரெசர் மலையாளி. தடித்த கண்ணாடி, வெள்ளைக் கால்சட்டை, நல்ல கைராசி. அன்றைக்கு வரிசை ஆஸ்பத்திரிப் படி தாண்டி வெளியே வரைக்கும் நின்றது. என் முறை வந்தபோது அவர் நிமிர்ந்து பார்த்து, "எந்தா? குட்டிக்கு எந்து பற்றி?" என்றார்.

"ரொம்ப இளைக்குதுங்கய்யா," என்றேன்.

"பால் குடிக்குந்நுண்டோ?"

"சரியாவே குடிக்க மாட்டேங்குதுங்க."

நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். காய்ச்சல் இருக்கிறது என்று ஒரு மருந்து சொன்னார். பொட்டலத்துக்கு வெளியே தெரிந்த கன்னத்தை ஒரு விரலால் லேசாகத் தட்டிவிட்டு, கம்பவுண்டரைப் பார்த்து ஏதோ சொன்னார். கம்பவுண்டர் ஒரு பாட்டிலில் இருமல் மருந்தும், கூடவே ஒரு மாவுப்பால் டின்னும் கொடுத்தார். அந்த டின் ரொம்பப் பெரிய விஷயம். எல்லோருக்கும் கொடுக்க மாட்டார்கள். எனக்கு முன்னால் நின்ற பெண்கள் என்னைப் பார்த்த பார்வையிலேயே அது தெரிந்தது.

"மாவுப்பால் கலக்கிக் கொடுக்கணும் கேட்டோ. சதை பிடிக்கும்," என்றார் டிரெசர்.

லாரிக்காரர் ஹாரன் அடித்தார். ஓடிப்போய் ஏறிவிட்டேன். லாரி பாதி வழி வந்த பிறகுதான் அவர் சொன்னது எனக்கு உறைத்தது.

"சதையா?" என்று கத்தினேன். "யாருக்குய்யா வேணும் சதை?"

லாரியில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் சொன்னது மூச்சு. பிள்ளைக்கு மூச்சு இளைக்கிறது என்று சொன்னேன். அவர் காதில் விழுந்தது உடம்பு. பிள்ளை மெலிந்துபோய்விட்டது என்று எடுத்துக்கொண்டார். மூச்சு வாங்குவதற்கும் மெலிவதற்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம் என்று அதுவரைக்கும் நான் யோசித்ததே இல்லை. யாராவது உட்கார்ந்து யோசிக்கிற விஷயமா அது? லாரியைத் திருப்பச் சொன்னேன். முன்னாலும் பின்னாலும் போலீஸ் வண்டி வரும்போது எந்த லாரிக்காரர் திருப்புவார்? "நாளைக்கு வாம்மா," என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த டின்னை அவர் தலையிலேயே போட்டிருப்பேன்.

கேட்டில் கான்ஸ்டபிள் டின்னை வாங்கி, ஆணியை வைத்து மூடியில் ஓட்டை போட்டார். ஓட்டை போடாத டின் எதுவும் உள்ளே போகக் கூடாது, காட்டுக்குப் போய்விடும் என்று சட்டம். ஒரு கையில் ஓட்டை டின்னும் இன்னொரு கையில் மூச்சு வாங்கும் பிள்ளையுமாக நான் வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் விடிந்தபோது வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டும் இல்லை, லாரியும் இல்லை. எல்லைப் பக்கத்து மரங்களை யாரோ வெட்டிப் போட்டிருக்கிறார்கள், பட்டாளம் வந்து தேடுகிறது, மறு உத்தரவு வரும்வரை ஒருத்தரும் வேலியை விட்டு வெளியே போகக் கூடாது என்று சொல்லிக்கொண்டே தண்டல் லயம் லயமாகப் போனார். தேடுகிறவர்களுக்கு வழி காட்ட என் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நானும் பிள்ளையும் மட்டும் வீட்டில் இருந்தோம்.

அவள் அழவே இல்லை. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "பாத்தியா, எவ்ளோ சமத்தா கெடக்கு. காச்சல் இறங்கிருச்சு போல," என்றார். எனக்கு அந்தச் சமத்துதான் பிடிக்கவில்லை. என் மகள் சமத்து இல்லை. பசித்தால் லயத்தையே கூட்டுகிறவள். இப்போது கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, மூக்குத் துவாரம் இரண்டும் விரிந்து விரிந்து மூட, ஒவ்வொரு மூச்சுக்கும் "ங்... ங்..." என்று முனகிக்கொண்டிருந்தாள். அழுவதற்கு மூச்சு வேண்டும். அவளிடம் இருந்த மூச்செல்லாம் மூச்சு விடுவதற்கே போதவில்லை. இவள் போய்விடுவாள் என்று தெரிந்தது. யாரும் சொல்லவில்லை, எனக்கே தெரிந்தது.

துண்டை அவிழ்த்தேன். காக்கிச் சட்டையை உருவினேன். பிளானலை அவிழ்த்தபோது அக்கா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னாடி பண்றே? காத்து அடிச்சா புள்ள என்னாகும்? கட்டுடி!"

"கைய விடுக்கா. நான் பாக்கணும்."

பார்த்தேன். அக்காவும் பார்த்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தது. கழுத்துக் குழியும் உள்ளே போனது. வயிறு ஏறி இறங்க, நெஞ்சு அதற்கு எதிராக உள்வாங்கியது. உதட்டைச் சுற்றி லேசாக நீலம் பூத்திருந்தது. இத்தனையும் அந்தப் பொட்டலத்துக்குள் நடந்துகொண்டிருந்தது, டிரெசருக்கு மூக்கும் கன்னமும்தான் தெரிந்திருக்கின்றன. அக்கா என் கையை விட்டுவிட்டார். அத்தனை பிள்ளைகளைப் பெற்றவருக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

"ஓடுடி," என்றார். "கேட்டுக்கு ஓடு. அவனுங்க சுட மாட்டானுங்க. ஓடு."

ஓடினேன். கேட்டில் மணல் மூட்டை அடுக்கிய ஒரு குடில், அதன் வாசலில் ஒரு மலாய்க்கார கான்ஸ்டபிள். என் வயசுதான் இருக்கும். முந்தின நாள் டின்னில் ஓட்டை போட்டவர் அவர்தான்.

"தா பொலே கெலுவார்," என்றார். வெளியே போக முடியாது என்று.

"அனா சாக்கிட், அபாங். சாக்கிட் குவாட்!" என்றேன். எனக்குத் தெரிந்த மலாய் பசாரில் மீன் வாங்கும் மலாய். பிள்ளைக்கு நோய், பெரிய நோய் என்று சொல்ல முடிந்தது, என்ன நோய் என்று சொல்ல வரவில்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். உத்தரவு அப்படி. பிள்ளையை அவர் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். மேலே ஒரு துணி இல்லை. குழி விழுந்து விழுந்து எழும் அந்த நெஞ்சை அவர் பார்த்தார். அவர் முகம் மாறியது. கேட்டைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், கடைசியில் குடிலுக்குள் போனார்.

குடிலுக்குள் ஆபீசோடு பேச ஒரு டெலிபோன் இருந்தது. கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் கூப்பிட்டார். கணக்கு எழுதும் ஆபீஸ் கிராணி எடுத்திருக்க வேண்டும். அப்புறம் டிரெசரைக் கூப்பிட்டு வரச் சொல்லி, கொஞ்ச நேரம் காத்திருந்து, ஏதோ பேசினார். 'பாத்தோக்' என்று காதில் விழுந்தது. இருமல். பிள்ளைக்கு இருமல் என்று சொல்லிக்கொண்டிருந்தார் மனுஷன். பிறகு என் பக்கம் திரும்பி, "டிரெசர் சக்காப், ஊபாட் சுடா காசி," என்றார். மருந்துதான் கொடுத்தாகிவிட்டதே என்று டிரெசர் சொல்கிறாராம்.

டெலிபோனை அவர் கையிலிருந்து பிடுங்கிவிட்டேன். அதுவரைக்கும் டெலிபோனைத் தொட்டுக்கூடப் பார்த்தது கிடையாது. எந்தப் பக்கம் வாய், எந்தப் பக்கம் காது என்று கான்ஸ்டபிள்தான் திருப்பிக் கொடுத்தார். உள்ளேயிருந்து டிரெசரின் குரல் வந்தது.

"ஆரா? எந்து வேணும்?"

வாயைத் திறந்தேன். நாக்கு நுனியில் வந்து நின்றது அதே சொல். இளைக்குதுங்கய்யா. அதைச் சொன்னால் இன்னொரு டின் மாவுப்பால் வரும். வேறு சொல் தேடினேன், ஒன்றும் கிடைக்கவில்லை. எத்தனையோ சொல் இருக்கிறது. மூச்சு வாங்குது, மூச்சு முட்டுது, மூச்சுத் திணறுது. இன்றைக்கு வரிசையாகச் சொல்வேன். அன்றைக்கு அந்தக் கறுப்புக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றபோது ஒரு சொல்கூட வாயில் வரவில்லை. அழுகைதான் வந்தது. அழுதால் அவருக்கு என் அழுகைதான் கேட்கும்.

அதனால் வாயை மூடிக்கொண்டு, டெலிபோனைப் பிள்ளையின் மூக்குக்கு நேரே பிடித்தேன்.

கான்ஸ்டபிளுக்குப் புரிந்துவிட்டது. குடிலுக்குள் பேசிக்கொண்டிருந்த இன்னொருவரைக் கையைக் காட்டி அடக்கினார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். என் மகள் மட்டும் மூச்சு விட்டாள். ங்... ங்... ங்... என்று, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளியே இல்லாமல். நன்றாகக் கேட்கட்டும் என்று பிடித்தபடியே நின்றேன். பிறகு மெதுவாக என் காதில் வைத்துப் பார்த்தேன். அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"அது குட்டியா?" என்றார் டிரெசர். குரலே வேறாக இருந்தது.

"ஆமாங்கய்யா."

"அவிடெத்தன்னே நில்லு. ஞான் இப்போ வரும்."

அப்போதுதான் அழுதேன். துக்கத்தில் இல்லை. அவருக்குக் கேட்டுவிட்டது, அதனால் அழுதேன்.

துரைக்கு இரும்புத் தகடு அடித்த ஒரு வண்டி இருந்தது, குண்டு துளைக்காமல் இருப்பதற்கு. அந்த வண்டி கேட்டில் வந்து நின்றது, அதிலிருந்து டிரெசர் குதித்து இறங்கினார். துரையிடம் எப்படிக் கேட்டார், துரை எப்படிக் கொடுத்தார் என்று எனக்குத் தெரியாது. ஆபீசில் அவர் கத்திய கத்தலைப் பற்றிப் பிறகு ஆளாளுக்கு ஒரு மாதிரி சொன்னார்கள். கையில் ஊசிப் பெட்டியோடு நேரே பிள்ளையிடம் வந்தார். பிள்ளையை மணல் மூட்டைமேல் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மூச்சை எண்ணினார். குழாயை நெஞ்சில் வைத்துக் கேட்டார், முதுகில் வைத்துக் கேட்டார், வலது பக்கம் கீழே வைத்துவிட்டு ரொம்ப நேரம் எடுக்கவில்லை. பிறகு தொடையில் பென்சிலின் போட்டார்.

ஊசி இறங்கியபோதும் அவள் அழவில்லை. டிரெசர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். "கயறு, வேகம்," என்றார். வண்டியில் ஏறினேன். கான்ஸ்டபிள் கேட்டைத் திறந்துவிட்டார், உத்தரவு இல்லாமல்தான் திறந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

குருபோங் வழியாக மலாக்கா டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகும் பாதையில் அங்கங்கே செக் போஸ்ட். ஒவ்வொன்றிலும் டிரெசர் தலையை வெளியே நீட்டிச் சண்டை போட்டார். நடுவில் எனக்குப் பாடமும் நடத்தினார். மூக்கு, தொண்டை வரைக்கும் இருக்கிற சளி தானாகப் போய்விடும், பெரியவர்களுக்கு அப்படித்தான் போனது. ஒருவர் இருமும்போது தெறிக்கிற துளியில் கிருமி இருக்கிறது, நெருக்கியடித்து இருக்கிற வீட்டில் அது ஆளுக்கு ஆள் தாவுகிறது. அடுப்புப் புகை மூச்சுக் குழாயை ஏற்கெனவே புண்ணாக்கி வைத்திருக்கிறது. பச்சைப் பிள்ளைக்குக் குழாய் சின்னது, கிருமி சுலபமாகக் கீழே இறங்கி நுரையீரலிலேயே சளி கட்டிவிடும். அதுதான் நிமோனியா. "கம்பிவேலிக் குளிரும் இல்ல, ஒண்ணும் இல்ல," என்றார். தண்டல் சொன்னது அவர் காதுக்கும் போயிருக்கிறது.

நான் சும்மா இருக்கவில்லை. "நேத்தே சொன்னேனே ஐயா, இளைக்குதுன்னு. உங்களுக்குத் தமிழ் தெரியலன்னா இன்னொரு தடவ கேக்கக் கூடாதா?" என்றேன்.

அவருக்கும் கோபம் வந்துவிட்டது. "எனக்குத் தமிழ் அறியும்! தோட்டத்திலே எல்லா அம்மாமாரும் வந்து எந்தா பறயுந்நது? 'ஐயா, புள்ள இளைச்சுப் போச்சு, ஐயா, புள்ள இளைச்சுப் போச்சு'. எல்லாம் மாவுப்பால் டின்னுக்கு. நல்ல தடிச்ச குட்டியும் இளைச்சுப் போச்சு! நீ வந்து இளைக்குது பறஞ்ஞா ஞான் எந்து நினைக்கும்?"

அவர் சொன்னதில் ஒரு எழுத்து பொய் இல்லை. ரேஷன் அரிசியில் வயிறு நிறையாத காலத்தில் அந்த டின்னுக்காக எங்கள் பெண்கள் எல்லோரும் சொன்ன மந்திரம் அது. பிள்ளை கொழுகொழுவென்று இடுப்பில் இருக்கும், தாய் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இளைச்சுப் போச்சு என்பாள். அந்தச் சொல்லை அத்தனை பேரும் சேர்ந்து தேய்த்துத் தேய்த்து மாவுப்பாலுக்கு என்று ஆக்கி வைத்திருந்தோம். எனக்கு நிஜமாகவே அது தேவைப்பட்டபோது அதில் ஒன்றும் மிச்சமில்லை. மடியில் பிள்ளை அப்படிக் கிடக்கும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டிரெசர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், பிறகு அவரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஒரு புதுச் சட்டம் வந்தது. வரிசையில் நிற்கும்போதே பிள்ளையின் கட்டை அவிழ்த்துவிட வேண்டும், நெஞ்சைப் பார்க்காமல் டிரெசர் மருந்து சொல்ல மாட்டார். யாராவது இளைக்குது என்று ஆரம்பித்தால் உடனே, "சதையோ, மூச்சோ?" என்பார். மூச்சு என்றால் வரிசையைத் தாண்டி முன்னால் கூப்பிட்டுவிடுவார். சதை என்றால் மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரிப்பார். லயத்தில் பெண்கள் இதை வைத்து என்னைக் கேலி செய்யாத நாள் கிடையாது. உன்னால்தான் டின் கிடைப்பது கஷ்டமாகிவிட்டது என்று ஏசியவர்களும் உண்டு. ஏசட்டும். அந்த மழைக்காலம் முடிவதற்குள் முன்னால் கூப்பிடப்பட்ட பிள்ளைகள் எல்லாம் உயிரோடு வீட்டுக்கு வந்தார்கள். ஒன்றுகூடத் தவறவில்லை. அதில் எனக்கும் பங்கு உண்டு என்று யாரிடமும் சொல்லிக்காட்டத் தயங்கியதில்லை.

அன்றைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்ததும் டவுன் ஆஸ்பத்திரியில் அவள் மூக்கருகே ரப்பர்க் குழாயில் ஆக்சிஜன் வைத்தார்கள். வேளை தவறாமல் வந்து பென்சிலின் போட்டார்கள். உதட்டு நீலம் முதலில் போனது. பிறகு முனகல் நின்றது. விலாவுக்குக் கீழே விழுந்த குழி கொஞ்சம் கொஞ்சமாக மேடேறியது. கட்டிலை விட்டு எழாமல் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பட்டாளத்தோடு போன என் வீட்டுக்காரர் விஷயம் கேள்விப்பட்டு, சேறு காயாத பூட்சோடு வார்டுக்குள் வந்து நின்றார். பிள்ளையைப் பார்த்துவிட்டு, "ஏன் சத்தமே போட மாட்டேங்குது?" என்று கேட்டார். அதுதான் என் கவலையும். எல்லாம் சரியாகிக்கொண்டு வந்தது, ஆனால் அவள் இன்னும் அழவில்லை. ஊசி போட வந்தால் கண்ணைத் திறந்து பார்ப்பாள், முகத்தைச் சுளிப்பாள், அவ்வளவுதான். அழாத பிள்ளையை எப்படி வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவது என்று நினைத்தேன்.

ஒரு காலையில், மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் நர்ஸ் வழக்கம்போல் ஊசியோடு வந்தார். சீனப் பெண், எதற்கும் அதட்டுகிறவர். பிள்ளையின் காலைப் பிடித்து ஊசியை இறக்கினார். என் மகள் ஒரு நிமிஷம் அவரை முறைத்துப் பார்த்தாள். மூச்சை உள்ளே இழுத்தாள். அது போகிறது போகிறது, எங்கேயோ அடி வரைக்கும் போகிறது. அத்தனை மூச்சு அந்த நெஞ்சுக்குள் போய் நான் பார்த்து எவ்வளவு காலமாகிவிட்டது. பிறகு வீலென்று கத்தினாள். வார்டில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் விழித்து அழுதன. வராந்தாவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் நிறுத்தவில்லை, முகமெல்லாம் சிவக்க, கையைக் காலை உதறிக்கொண்டு, ஒன்று முடிவதற்குள் அடுத்ததை இழுத்து இழுத்துக் கத்தினாள்.

மிஸ்ஸி உதட்டில் விரலை வைத்து, சத்தம் போடாமல் பார்த்துக்கொள் என்று என்னை அதட்டினார்.

"அழட்டும் மிஸ்ஸி!" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. "நல்லா அழட்டும்! இன்னும் கத்துடி என் தங்கம், கத்து!"

நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியாது. ஜெயித்துவிட்டோம் என்று மட்டும் தெரிந்தது. கத்தி முடித்து, தேம்பித் தேம்பி ஓய்ந்த பிறகு, அவளாகவே முகத்தைத் திருப்பி என் மார்பைத் தேடினாள். வாயை வைத்தவள் வயிறு நிறையும் வரைக்கும் குடித்தாள். நடுவில் மூச்சுக்காக ஒரு தடவைகூட விடவில்லை.